கூழைக்கடாவுக்கு அடங்கல் இல்லை

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் சென்னையை மூழ்கடித்த நாட்களிலேயே எண்ணூரில் எண்ணெயும் பரவியது. டிசம்பர் 4-ஆம் தேதியை ஒட்டி, மணலித் தொழிற்சாலைப் பக்கமிருந்து வெள்ளத்தோடு வெள்ளமாக வந்த எண்ணெய், பக்கிங்காம் கால்வாய் வழியாகக் கொசஸ்தலை ஆற்றில் இறங்கி, எண்ணூர் முகத்துவாரத்தைத் தாண்டிக் கடலுக்கும் போனது. கடலோரக் காவல்படை வானிலிருந்து பார்த்தபோது சுமார் 20 சதுர கிலோமீட்டருக்கு அது விரிந்து கிடந்தது. பொதுத்துறை எண்ணெய் நிறுவனமான சிபிசிஎல்லின் சுத்திகரிப்பு ஆலை வளாகத்திலிருந்து வந்தது என்று மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் சொன்னது. வெள்ளம் அடித்துக்கொண்டு போனதுதான் என்றது நிறுவனம். தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வு யாரும் மனுப் போடும்வரை காத்திருக்காமல் தானே வழக்கைக் கையில் எடுத்தது.

முதல் சில நாள் கோவை, திருப்பூர் பக்கம் இது புயல் செய்திகளில் ஒன்றாக வந்து போனது. சென்னை என்றால் வெள்ளம் வரும், வடியும் என்கிற அலுப்பு நம் ஊரில் உண்டு, மறைப்பதற்கில்லை. காட்டுக்குப்பம், முகத்துவாரக்குப்பம் மீனவர்கள் மக்கில் மொண்டும் சாக்கை முக்கிப் பிழிந்தும் எண்ணெயை அள்ளிக்கொண்டிருந்த படங்களைப் பார்த்தோம், அடுத்த செய்திக்குப் போனோம்.

அப்புறம் கூழைக்கடா படங்கள் வந்தன. வெளுத்த சாம்பல் நிறத்தில் இருக்க வேண்டிய பறவை, நெஞ்சும் வயிறும் கறுத்துப்போய், தொங்கும் அலகுப் பையோடு ஒரு திட்டில் நின்றது. பனியன் கம்பெனிக் குழு, கல்லூரி நண்பர்கள் குழு, அபார்ட்மென்ட் குழு என்று வாட்ஸ்அப்பில் எங்கு பார்த்தாலும் அதே பறவை. "கம்பெனியை இழுத்து மூடு" என்று தொடங்கி "அதிகாரிகளை அதே எண்ணெயில் முக்கி எடுக்கணும்" என்பது வரைக்கும் போனது பேச்சு. மீனவரைப் பார்த்து வராத கோபம் பறவையைப் பார்த்து வந்ததே என்று எனக்குக் கொஞ்சம் உறுத்தியது. ஆனால் ஒன்றைச் சொல்ல வேண்டும். கொங்கு நாட்டுக்காரருக்குக் கூழைக்கடா அந்நியப் பறவை இல்லை. ஈரோட்டுக்குப் பக்கத்தில் வெள்ளோட்டில் அது கூடு கட்டுகிறது. திருப்பூர் நஞ்சராயன் குளம், கோவை சிங்காநல்லூர்க் குளம், சூலூர்க் குளம் எங்கும் பார்க்கலாம். காலையில் நடைப்பயிற்சி போகிறவர் தினம் பார்க்கிற பறவை அது.

சரி, அந்தக் கோபம் எங்கே போய்ச் சேர்ந்தது? மாநில அரசு நிவாரணம் அறிவித்தது. பாதிக்கப்பட்ட மீனவக் குடும்பங்களுக்குத் தலா 12,500 ரூபாய், படகைச் சீர் செய்யத் தலா 10,000 ரூபாய். குறைவு என்று சொல்லலாம், தாமதம் என்று சொல்லலாம், ஆனாலும் படகுக்கு ஒரு தொகை இருந்தது. ஊரையே கொதிக்க வைத்த பறவைக்கு அந்தப் பட்டியலில் ஒரு வரி இல்லை. இந்த இடைவெளிதான் இந்த ஆய்வுக்குப் பொருள். என் எண்ணம் இது: கோபம் பணமாகவும் தண்டனையாகவும் மாறுவது, விபத்துக்கு முன்னால் யாராவது எண்ணி எழுதி வைத்திருந்தால்தான். எண்ணாத உயிருக்கு எவ்வளவு கோபப்பட்டாலும் அது வழக்குக்குள் நுழைவதில்லை. இதை எண்ணூரைவிட, நொய்யல் ஆற்றின் ஒரத்துப்பாளையம் அணையில் நின்று பார்த்தால் தெளிவாகத் தெரியும்.

ஓர் இறகில் நடப்பது

அதற்கு முன், அந்தப் படத்தில் இருந்த பறவைக்கு என்ன ஆகிறது என்பதைக் கொஞ்சம் நின்று பார்க்கலாம்.

நீர்ப்பறவையின் இறகை எதிர்ப்பக்கமாக நீவினால் இழை இழையாகப் பிரியும். திரும்ப நேராக நீவினால் ஒட்டிக்கொள்ளும். ஒவ்வோர் இழையிலிருந்தும் நுண்ணிய கிளை இழைகள் கிளம்புகின்றன, அவற்றில் கொக்கிகள் இருக்கின்றன. அந்தக் கொக்கிகள் பக்கத்து இழையைக் கவ்விப் பிடித்திருப்பதால்தான் தண்ணீர் உள்ளே போவதில்லை, தோலை ஒட்டி ஒரு காற்றுப் படலம் நிற்கிறது. பறவை மிதப்பதும் அதனால்தான், உடம்புச் சூடு காப்பதும் அதனால்தான். எண்ணெய் பட்டதும் இழைகள் கொத்துக் கொத்தாக ஒட்டிக்கொண்டு நடுவில் இடைவெளி விழுகிறது. தண்ணீர் தோலைத் தொடுகிறது. பறவையின் உடம்புச் சூடு 40 டிகிரியை ஒட்டியது. நமக்கு இதமாகத் தெரிகிற டிசம்பர்த் தண்ணீரே அதன் சூட்டை உறிஞ்சி எடுத்துவிடும்.

அடுத்ததுதான் கொடுமை. இறகு கலைந்தால் அலகால் கோதிச் சரி செய்வது பறவையின் பழக்கம். மற்ற வேலையை எல்லாம் விட்டுவிட்டு அது கோதிக்கொண்டே இருக்கும். ஒவ்வொரு கோதலிலும் கொஞ்சம் எண்ணெய் உள்ளே போகிறது. குடல் புண்ணாகிறது, கல்லீரலும் சிறுநீரகமும் கெடுகின்றன, ரத்தத்தில் சிவப்பணுக்கள் உடைகின்றன. தன்னைச் சுத்தம் செய்துகொள்ளும் முயற்சியிலேயே அது சாகிறது.

மீட்பவர்களின் சங்கடம் வேறு. எண்ணெய் பூசிய பறவை பறக்க முடிகிறவரை கையில் சிக்காது, சிக்கும் நேரத்தில் பெரும்பாலும் தாமதமாகியிருக்கும். பிடித்தவுடன் குளிப்பாட்டவும் கூடாது. முதலில் சூடு கொடுத்து, திரவ உணவு கொடுத்து, தேறிய பிறகுதான் கழுவ வேண்டும். பாத்திரம் கழுவும் சோப்புத் தண்ணீர்தான் மருந்து. ஆனால் சோப்பு மிச்சம் இல்லாமல் அலசுவதற்கு ஒரு கூழைக்கடாவுக்கே நூற்றுக்கணக்கான லிட்டர் நல்ல தண்ணீர் வேண்டும்.

நம் கேள்விக்கு முக்கியமான சங்கதி இதில் ஒன்று இருக்கிறது. எண்ணெய் பட்ட பறவை பெரும்பாலும் பட்ட இடத்திலேயே சாவதில்லை. எங்கோ போய் ஒதுங்குகிறது. செத்தால் தண்ணீரில் மூழ்கும், அல்லது நாயும் நரியும் இழுத்துப் போகும். ஆகவே கரையில் எண்ணப்படும் உடல்கள் எப்போதும் உண்மையில் செத்ததைவிடக் குறைவு.

மாமாவின் மஞ்சள் பை

ஒரத்துப்பாளையம் அணைக்குக் கொஞ்சம் மேலே எங்கள் தாய்மாமாவுக்குத் தோட்டம். எண்ணூர்ப் படத்தைப் போனில் அவரிடம் காட்டினேன். கண்ணாடியை மாட்டிக்கொண்டு, பெரிதாக்கிப் பார்த்தார்.

"ஏங் கண்ணு, இது நம்ம கொளத்துக்கு வர்ற பெரிய மூக்குக் குருவிதானே?"

"ஆமாங் மாமா."

"பாவம்." போனைத் திருப்பிக் கொடுத்தார். "டேம்ல மீனு செத்து மெதந்தப்ப, நாத்தம் தாங்காம கதவச் சாத்திட்டு இருந்தமே. அதுக்கு ஒருத்தருங் கோவப்படுலியே?"

"அப்ப போன் இல்லீங்களே மாமா."

"போன் இல்லீன்னா என்ன, பேப்பர் இருந்துச்சல்லோ."

வெள்ளிங்கிரி மலையில் பிறந்து, கோவையையும் திருப்பூரையும் கடந்து, கரூர் மாவட்டத்தில் காவிரியில் சேர்கிற நொய்யலின் குறுக்கே கட்டிய அணை ஒரத்துப்பாளையம். 1992-ல் பயன்பாட்டுக்கு வந்தது. பத்தாயிரம் ஏக்கருக்கு மேல் பாசனம் என்பது திட்டம், பெரும்பகுதி கரூர்ப் பக்கம். அதே காலத்தில்தான் திருப்பூரில் பனியன் ஏற்றுமதி கொழித்தது, சாயப்பட்டறைகள் நூற்றுக்கணக்கில் பெருகின. சில வருடத்திலேயே அணையில் தேங்கியது சாயத்தண்ணி. தண்ணீரை வாய்க்காலில் விடாதீர்கள் என்று கீழே இருக்கிற ஆயக்கட்டுக்காரர்களும், அணையில் தேக்காதீர்கள் என்று கரையோர ஊர்க்காரர்களும் கேட்ட விசித்திரம் இந்த அணைக்கு நேர்ந்தது. கிணற்று நீரில் உப்பு ஏறியது. எங்கள் பக்கம் படிப்பு வாசனை இல்லாத கிழவிகூட 'டிடிஎஸ்' (தண்ணீரில் கரைந்திருக்கும் உப்பின் அளவு) என்ற சொல்லைச் சர்வ சாதாரணமாகச் சொல்வது அதனால்தான்.

கோபம் அப்போதும் இருந்தது. சாலை மறியல், அணை முற்றுகை, கலெக்டர் ஆபீஸ் வாசல் எல்லாம் நடந்தது. ஆனால் திருப்பூர் முதலாளிகளும் கொங்கு வேளாண் குடும்பங்களிலிருந்து போனவர்கள்தாம். பட்டறை வைத்திருக்கிற மச்சானுக்கு எதிராகத் தோட்டம் வைத்திருக்கிற மச்சான் கோஷம் போட வேண்டியிருந்தது. இப்படிப்பட்ட கோபம் வாட்ஸ்அப்பில் பரவுகிற வகை இல்லை. கல்யாண வீட்டில் முகம் பார்க்காமல் பந்தியில் உட்காருகிற வகை.

அந்தக் கோபத்துக்குச் சட்டத்தில் ஒரு வழி கிடைத்தது. 1996 ஆகஸ்டில், வேலூர்த் தோல் தொழிற்சாலைகள் வழக்கில், மாசு செய்தவரே இழப்பைக் கட்ட வேண்டும் என்ற கொள்கை இந்தியச் சட்டத்தின் பகுதிதான் என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. அதன் தொடர்ச்சியாக, சூழலியல் இழப்பைக் கணக்கிட்டு வசூலிக்கத் தமிழ்நாட்டில் ஓர் ஆணையம் அமைந்தது. அது 2004 டிசம்பரில் நொய்யல் வடிநிலத்துக்குக் கணக்குப் போட்டது. 68 கிராமம், 28,596 விவசாயிகள், 24 கோடியே 79 லட்சம் ரூபாய். ஆளுக்குச் சராசரியாக 8,700 ரூபாய்கூட வரவில்லை, அது தனிக் கதை. நொய்யல் ஆயக்கட்டுதாரர்கள் பாதுகாப்புச் சங்கம் தொடுத்த வழக்கில் 2006-ல் உயர் நீதிமன்றமும், 2009 அக்டோபரில் உச்ச நீதிமன்றமும் ஒரு சொட்டுக் கழிவுகூட வெளியே விடக்கூடாது என்ற நிலைக்குப் பட்டறைகளைக் கொண்டுவந்தன. அதுவும் நடக்காததால் 2011 ஜனவரி 28-ல் எல்லாச் சாயப்பட்டறைகளையும் மூடச் சொன்னது சென்னை உயர் நீதிமன்றம். எழுநூறுக்கும் மேற்பட்ட பட்டறைகள் நின்றன. (ஜனவரி 28-க்கு என்ன ராசியோ தெரியாது. 1969-ல் கலிஃபோர்னியாவின் சாண்டா பார்பரா எண்ணெய்க் கிணறு பீய்ச்சியதும் அன்றுதான். 2017-ல் எண்ணூருக்கு வெளியே இரண்டு கப்பல்கள் மோதி எண்ணெய் கொட்டியதும் அன்றுதான்.)

எப்படி ஜெயித்தீர்கள் என்று மாமாவைக் கேட்டால் பேச மாட்டார், உள்ளே போய் ஒரு மஞ்சள் பையை எடுத்து வருவார். அதில் பட்டா நகல், சிட்டா, கிராம நிர்வாக அலுவலர் கையெழுத்துப் போட்ட அடங்கல் (எந்த நிலத்தில் என்ன பயிர் என்ற பதிவேடு) நகல்கள், கிணற்று நீர்ப் பரிசோதனைச் சீட்டுகள். அடங்கல் தாள்களை அவர் வருஷ வாரியாகக் குண்டூசி குத்தி வைத்திருக்கிறார். ஒரு தாளில் சர்வே எண்ணுக்கு நேராக மஞ்சள், நெல், தென்னை. சில வருடம் தள்ளி அதே எண்ணுக்கு நேராகச் சோளத்தட்டு. அதற்கும் பிந்திய தாளில் தரிசு. வக்கீல் எதுவும் சொல்லாமலே, முன்னால் என்ன இருந்தது, பின்னால் என்ன ஆனது என்பதை அந்தக் குண்டூசிக் கட்டு சொல்லிவிடுகிறது. ஒவ்வொரு போகத்திலும் எந்தப் புல எண்ணில் என்ன பயிர் என்று எழுதி வைக்கும் பழைய வருவாய்த்துறைப் பழக்கம், வரி போடுவதற்காக வந்தது. அது கடைசியில் விவசாயிக்குச் சாட்சியாக நின்றது.

மீனைப் பற்றி அந்தப் பையில் ஒரு தாள்கூட இல்லை. நொய்யலில் கெளுத்தி இருந்தது, விரால் இருந்தது, மழைக்காலத்தில் கெண்டை ஏறி வரும் என்று மாமா வாய்வழியாகச் சொல்வார். எந்த ஆண்டு, எந்த மடுவில், எத்தனை என்று கேட்டால் சிரிப்பார். மீன் தின்ற நாரையைப் பற்றியோ, ஆற்றங்கரை ஆமையைப் பற்றியோ கேட்கவே வேண்டாம். 24 கோடியே 79 லட்சத்தில் அவற்றுக்கு ஒரு பைசா இல்லாமல் போனதற்கு யாருடைய கெட்ட மனசும் காரணம் இல்லை. எழுதி வைக்க ஓர் அலுவலகம் இல்லை, அவ்வளவுதான்.

அலாஸ்காவில் செத்த பறவைகளை ஏன் குளிர்ப்பெட்டியில் வைத்தார்கள்

1989 மார்ச் 24. எக்ஸான் வால்டெஸ் என்ற கப்பல் அலாஸ்காவின் பிரின்ஸ் வில்லியம் சவுண்டில் பாறைத்திட்டில் ஏறி, ஏறக்குறைய 4 கோடி லிட்டர் கச்சா எண்ணெயைக் கொட்டியது. சுமார் 2,100 கிலோமீட்டர் கரை பாதிக்கப்பட்டது. அமெரிக்கா முழுக்க, கப்பலுக்குச் சொந்தமான எக்ஸான் நிறுவனத்தின் கடன் அட்டைகளை வெட்டித் திருப்பி அனுப்பினார்கள், பெட்ரோல் பங்குகளைப் புறக்கணித்தார்கள். கோபம் எண்ணூரைப்போலப் பல மடங்கு. ஆனால் கோபத்துக்குப் பக்கத்திலேயே இன்னொரு வேலையும் நடந்தது.

கரையில் ஒதுங்கிய பறவை உடல்களைப் பொறுக்கி, பையில் போட்டு, எங்கே எப்போது கிடைத்தது என்று சீட்டு ஒட்டி, உறைநிலைப் பெட்டிகளில் சேர்த்தார்கள். முப்பதாயிரத்துக்கும் மேல் சேர்ந்தது. அமெரிக்காவின் வலசைப் பறவைகள் சட்டப்படி அவை வழக்குச் சாட்சியம். கரைக்கு வந்தது இவ்வளவு என்றால் வராதது எவ்வளவு? அதைக் கண்டுபிடிக்க, செத்த பறவைகளுக்கு அடையாளம் கட்டிக் கடலில் விட்டு எத்தனை கரை சேர்கின்றன என்றும் சோதித்தார்கள். அப்படிப் போட்ட கணக்கில்தான் சுமார் 2.5 லட்சம் கடற்பறவைகள் என்ற எண் வந்தது. கடல் நீர்நாய் 2,800, வெண்தலைக் கழுகு 250, சீல் 300.

இதில் எனக்குப் பிடித்தது ஆர்க்கா திமிங்கில விவகாரம். அந்தப் பகுதியில் ஏடி1 என்று பெயரிட்ட ஒரு கூட்டம் இருந்தது. ஒவ்வொன்றின் முதுகுத் துடுப்பையும் படம் எடுத்து, வடுவை வைத்து அடையாளம் கண்டு, எண் கொடுத்து, ஆராய்ச்சியாளர்கள் விபத்துக்குச் சில வருடம் முன்னதாகவே பதிவு வைத்திருந்தார்கள். மொத்தம் 22. விபத்துக்குப் பிறகு 9 காணவில்லை. உடல் கையில் கிடைக்காவிட்டாலும் எது எது போயிற்று என்று பெயர் சொல்ல முடிந்தது. திருப்பூரில் பஞ்சு குடோன் எரிந்தால் இன்சூரன்ஸ் சர்வேயர் வந்து முதலில் முந்தின நாள் ஸ்டாக் ரிஜிஸ்டரைத்தான் கேட்பார். சாம்பலைப் பார்ப்பதெல்லாம் அதற்கப்புறம். ஆர்க்காவுக்கு அந்த ரிஜிஸ்டர் இருந்தது. பழைய கணக்கு அரைகுறையாக இருந்த சில பறவைகள் விஷயத்திலோ, நிறுவனத்தின் விஞ்ஞானிகளும் அரசின் விஞ்ஞானிகளும் வருடக்கணக்கில் மோதிக்கொண்டார்கள்.

1991-ல் 90 கோடி டாலருக்குச் சிவில் உடன்பாடு ஆனது. சேதமான இயற்கையைச் சீர்செய்ய அரசுகள் அதை அறங்காவலர்களாக வாங்கிக்கொண்டன. மக்களின் கோபம் நேரடியாகப் பேசிய இடம் வேறு. 1994-ல் ஜூரி 500 கோடி டாலர் தண்டனைத் தொகை விதித்தது. இழுத்து இழுத்து 2008-ல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் அதை 50.75 கோடியாகக் குறைத்துவிட்டது. ஏறக்குறைய பத்தில் ஒன்று. எண்ணிக்கையில் நின்ற தொகை தப்பித்தது, ஆத்திரத்தில் நின்ற தொகை தேய்ந்தது என்று நான் இதைப் படிக்கிறேன். சட்டம் படித்தவர்கள் வேறு காரணம் சொல்லலாம்.

கோபம் பணத்தைத் தப்பான பக்கம் இழுப்பதும் உண்டு. கேமராவுக்கு அழகான கடல் நீர்நாய்களைப் பிடித்துக் கழுவி விட்டதில், பிழைத்த ஒவ்வொன்றுக்கும் 80,000 டாலருக்கு மேல் செலவானது. அந்தப் பணத்தை வாழிடத்துக்குச் செலவிட்டிருக்கலாமே என்று உயிரியலாளர்களே கேட்டார்கள்.

2010-ல் மெக்சிகோ வளைகுடா. ஏப்ரல் 20-ல் பிபி நிறுவனத்துக்காக எண்ணெய்க் கிணறு தோண்டிய டீப்வாட்டர் ஹொரைசன் மேடை வெடித்து 11 தொழிலாளிகள் செத்தார்கள். 87 நாள் எண்ணெய் பீறிட்டது. உலகம் நினைவில் வைத்திருப்பது அந்த 11 முகங்களை இல்லை. ஜூன் தொடக்கத்தில் லூசியானா கரையில் எண்ணெய்ச் சேற்றில் மூழ்கிக் கிடந்த பழுப்புக் கூழைக்கடாவின் படத்தைத்தான். அழிவின் விளிம்பிலிருந்து மீண்டது என்று அதற்கு முந்தைய நவம்பரில்தான் அந்தப் பறவையைப் பாதுகாப்புப் பட்டியலிலிருந்து எடுத்திருந்தார்கள். நடுவில் பிபி நிறுவனத் தலைவர், தனக்கும் தன் வாழ்க்கை திரும்ப வேண்டும் என்று வாய்விட்டு, ஊரே கரித்துக்கொட்டியது. இது எதுவும் கணக்கை மாற்றவில்லை. அரசுத் தரப்பு அறங்காவலர்கள் செத்த பறவைகள் 56,000 முதல் 1,02,000 வரை என்றார்கள். தனி ஆய்வாளர்கள் சிலர் ஆறு முதல் எட்டு லட்சம் என்றார்கள். ஒரே விபத்துக்கு இத்தனை வித்தியாசம், மூழ்கிப்போன உடல்களை எப்படி ஊகிப்பது என்பதில் வருகிறது. கடைசியில் 2,080 கோடி டாலர் உடன்பாடு. அதில் 880 கோடி வரை இயற்கைச் சேதத்துக்கு. தனியாக, வலசைப் பறவைகள் சட்டத்தை மீறியதற்கு மட்டும் 10 கோடி.

நம் காலுக்குக் கீழே

அமெரிக்கச் சட்டம் வேறு, நமக்கு அது ஆகாது என்று ஒதுக்கிவிடலாமா? முடியாது. 2010-ன் தேசியப் பசுமைத் தீர்ப்பாயச் சட்டத்தின் இரண்டாம் அட்டவணை, எந்தெந்தத் தலைப்பில் இழப்பீடு கேட்கலாம் என்று வரிசையாகச் சொல்கிறது. மனித உயிர், உடல் ஊனம், சொத்து என்று போகிற அந்தப் பட்டியலில், நீர்வாழ் உயிர்கள் உட்பட விலங்கினங்களுக்கு நேர்ந்த சேதமும் ஒரு தலைப்பு. கறவை மாடும் உழவு மாடும் அதே வரியில் இருக்கின்றன. தப்பு யாருடையது என்று நிரூபிக்காமலேயே பொறுப்பைச் சுமத்தலாம் என்று அதே சட்டத்தின் 17-ஆம் பிரிவு சொல்கிறது. ஆகவே "வெள்ளம் அடித்துக்கொண்டு போனது" என்பது முழுத் தப்பிப்பு ஆகாது. ஆறும் கடற்கரையும் மக்கள் சொத்து, அரசு வெறும் அறங்காவலர் என்று பியாஸ் ஆற்று வழக்கில் உச்ச நீதிமன்றம் 1996-லேயே சொல்லியும் இருக்கிறது.

பாலக்காட்டுக் கணவாய்க்கு அந்தப் பக்கம் இதைச் செய்து பார்க்கிறார்கள். 2025 மே மாதம் கொச்சிக்கு அப்பால் எம்எஸ்சி எல்சா 3 கப்பல் மூழ்கியதற்குக் கேரள அரசு 9,531 கோடி ரூபாய் கேட்டு உயர் நீதிமன்றம் போனது. அதில் 8,600 கோடிக்கும் மேல் சுற்றுச்சூழல் சேதத்துக்கு. எதிர்த்தரப்பு கேட்கப்போகும் முதல் கேள்வி, "முன்னால் எவ்வளவு இருந்தது?" என்பதாகத்தான் இருக்கும்.

கொங்கு நாட்டில் கடல் இல்லையே, நமக்கென்ன என்பவருக்கு ஒரு சேதி. கொச்சியிலிருந்து இருகூர் வழியாகக் கரூர் வரை 292 கிலோமீட்டருக்கு பெட்ரோல், டீசல் போகும் குழாய் 2000-களின் தொடக்கத்திலிருந்தே நம் காட்டுக்குள் படுத்திருக்கிறது. இருகூரிலிருந்து பெங்களூர்ப் பக்கம் தேவனகொந்திக்குப் போகும் இன்னொரு குழாயை விளைநிலத்தில் பதிக்காமல் சாலையோரமாகக் கொண்டுபோகச் சொல்லி விவசாயிகள் போராடிவருகிறார்கள். அவர்கள் பேசுவது நில மதிப்பு, வெட்டப்படும் தென்னை, குழாய்க்கு மேல் மரமோ வீடோ வைக்கக்கூடாது என்கிற 1962-ன் சட்டம். எல்லாம் நியாயம். குழாய் தாண்டும் ஓடையில் இன்றைக்கு என்ன உயிர் இருக்கிறது என்பது அந்தக் கோரிக்கை மனுக்களில் வருவதில்லை. பெட்ரோல் கசிந்தால் கச்சா எண்ணெய்போலக் கறுப்பாகப் படியாது. பாதி ஆவியாகிவிடும், மீதி மண்ணில் இறங்கிவிடும். நம்முடையது பாறைப் பூமி. வெடிப்பு வழியாக எந்தக் கிணற்றில் போய் எட்டிப் பார்க்கும் என்று யாரும் சொல்ல முடியாது. கறுத்துப்போன கூழைக்கடாவும் இருக்காது, வாட்ஸ்அப்பில் சுற்ற ஒரு படமும் இருக்காது.

நல்ல செய்தி கொஞ்சம் இருக்கிறது. நஞ்சராயன் குளத்துக்கு நல்லாறு வழியாகச் சாயக்கழிவும் சாக்கடையும் வந்த காலத்திலேயே, திருப்பூரின் பறவை ஆர்வலர்கள் நோட்டுப் புத்தகத்தோடு போய் எண்ணிக்கொண்டிருந்தார்கள். அந்தக் குளம் 2022-ல் தமிழ்நாட்டின் 17-ஆவது பறவைகள் சரணாலயம் ஆனது. 2024 ஆகஸ்டில் உலக அளவில் முக்கியமான ஈரநிலங்களின் ராம்சார் பட்டியலிலும் ஏறியது. வனத்துறை ஒருங்கிணைந்த கணக்கெடுப்பு நடத்துகிறது. பொங்கல் விடுமுறையில் பொதுமக்களே எண்ணுகிறார்கள். பறவைக்காகவே தொடங்கிய சாலிம் அலி ஆய்வு மையம் ஆனைகட்டியில் இருக்கிறது. இந்த ஊரில் கூழைக்கடாவுக்கு ஏதோ ஒரு அரைகுறை அடங்கலாவது உருவாகிவருகிறது. மீனுக்கு, ஆமைக்கு, நொய்யலில் கலக்கும் சின்ன ஓடைகளுக்கு அதுவும் இல்லை. உள்ளாட்சிகளில் மக்கள் பல்லுயிர்ப் பதிவேடு வைக்க வேண்டும் என்று 2002-ன் சட்டம் சொல்கிறது. உங்கள் ஊராட்சியின் பதிவேட்டை ஒருமுறை வாங்கிப் புரட்டிப் பாருங்கள். குழாய் தாண்டும் ஓடையின் பெயராவது அதில் இருக்கிறதா என்று பார்த்தால் போதும்.

எண்ணூருக்குத் திரும்பினால், தீர்ப்பாயத்தில் இழப்பீடு கேட்க ஐந்து வருடம் அவகாசம். கொட்டிய நாளிலிருந்து கணக்கிட்டால் 2028 டிசம்பர் வரை. மனுப் போடுபவர் மீனவராகத்தான் இருக்க வேண்டும் என்றில்லை, அமைப்புகளும் போடலாம். அங்கே எத்தனை கூழைக்கடாக்களைப் பிடித்தார்கள், எத்தனை பிழைத்தன, அதற்கு முந்தைய ஜனவரிக் கணக்கெடுப்பில் அந்த முகத்துவாரத்தில் எத்தனை இருந்தன என்று கேட்டுத் தகவல் உரிமைச் சட்டத்தில் விண்ணப்பம் போடக் கட்டணம் 10 ரூபாய். கோவையிலிருந்தும் போடலாம்.